கடைசிக் கதையைக் கேட்ட ஒருத்தி

சில வருடங்களுக்கு முன் விழுப்புரத்தில், சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு தம்பி எழுந்து, "மேடம், நீங்க வாசகர்களை எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். பிடிப்பதற்கு வாசகர் என்ன கோழியா? பக்கத்தில் இருந்தவர், ஐம்பது பேருக்கு இலவசமாக அனுப்பி, புத்தகத்தைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடச் சொன்னால் போதும் என்று அவருக்கு யோசனை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் பிடித்தவர்கள் பிரித்துப் பார்த்தார்களா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டுக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். பெண்கள் பெட்டியில் மடிமேல் பேப்பரை வைத்து, எதிரே இருந்த பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு கதைகள் எழுதினேன். எந்தப் பதிப்பகமும் பதில் போடவில்லை. பி.எஃப். கடன் எடுத்து விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகத்துக்கு அலையும் வேலையை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். வேர்க்கடலை மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். ப்ரூஃபை வாங்கி வருவதும் திருத்தியதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். 'எவ்வளவு நல்ல மனுஷன்' என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

கடைசிக் கதையின் பெயர் 'தாமதம்'. வேலைக்குப் போகும் ஒருத்தி ஒருநாள் சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வண்டி விழுப்புரம் போகிறது. பிளாட்பாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிறாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பி, வண்டி தாமதம் என்கிறாள். இவ்வளவுதான் கதை. திருடவில்லை, ஓடிப்போகவில்லை, ஒரு டீ. பன்னிரண்டில் எனக்குப் பிடித்தது அதுதான். அந்தப் பெட்டியில் வந்த பெண்கள் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் புத்தகமே போட்டேன் என்றுகூடச் சொல்வேன்.

வெளியீட்டு விழா விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. வீட்டுக்காரர் அச்சகத்திலிருந்து கட்டுகளை நேராக அங்கேயே கொண்டுவந்தார். தலைமை தாங்க வந்த பிரமுகர் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, மனைவியை எழுத அனுமதித்த கணவரைத்தான் முதலில் பாராட்ட வேண்டும் என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரே கைதட்டல். அனுமதியாம்! எழுதியவள் நான், கடன் கட்டுபவள் நான், பொன்னாடை அவருக்கு.

அடுத்து ஒரு பேராசிரியர். அவருக்கு மட்டும் இரண்டு நாள் முன்பே அச்சகத்திலிருந்து ஒரு பிரதி போயிருந்தது. புத்தகத்தைப் பொருளடக்கப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தலைப்பு தலைப்பாக இறங்கினார். "தாமதம் என்ற கடைசிக் கதையில், தாமதமாகத் திருமணமாகும் ஒரு முதிர்கன்னியின் கண்ணீரை நம் கண்முன் நிறுத்துகிறார். படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை" என்றார். நான் மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த இரண்டு வாரம் பாராட்டு மழை. ஆபீசில் எல்லோரும் "ஃபுல்லா படிச்சிட்டேன் மேடம், சூப்பர்" என்றார்கள். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டால் "எல்லாமே" என்றார்கள். சொந்தக்காரப் பெண்கள், "அப்ப வீட்டுல சமையல் யாரு?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சும்மா கொடுத்த பிரதிகள்தான்.

ஒரே ஒருத்தர்தான் சும்மா வாங்க மாட்டேன் என்றார். விழுப்புரத்தில் ஏறி, செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஓர் அக்கா. ஜன்னல் சீட்டுக்காக வாரம் ஒரு சண்டை போடுவார். "ஓசில வாங்கினா நான் படிக்க மாட்டேன். வெலைய சொல்லு" என்று காசைக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைப் பையில் போட்டார். ஒரு காலையில் நான் ஏறியதும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா ஏமாத்திக்கினு கீறயா? பன்னெண்டு கதன்னு போட்டுட்டு பதினொண்ணுதான் கீது. கடைசி கதை எங்க?"

"பைண்டிங்ல விட்டிருப்பாங்க அக்கா. வேற தர்றேன்" என்று பையிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தேன். அவர் அங்கேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, "இதுலயும் இல்ல" என்றார். பையில் இருந்த எல்லாவற்றையும் புரட்டினோம். எதிலும் இல்லை. எழுதியவளே பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று தடவை ப்ரூஃப் பார்த்த பிறகு அச்சான புத்தகத்தைப் பிரிக்கவே பயமாக இருக்கும், பிழை ஏதாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று. அட்டையைத் தடவிப் பார்த்ததோடு சரி.

அன்று ஆபீசிலிருந்து அச்சகத்துக்கு போன் போட்டேன். அச்சகக்காரர் தயங்கினார். "சார்தாங்க வந்து கடைசி ஃபாரம் சேக்க வேணாம்னாரு. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாருங்களே." ஃபாரம் என்றால் பதினாறு பக்க மடிப்பு. அவருக்கு வசதியாக என் கடைசிக் கதை முழுவதும் அந்த ஒரு மடிப்புக்குள் அடங்கியிருந்தது. பொருளடக்கத்தில் அதன் பெயர் இருப்பதை மட்டும் மனுஷன் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ப்ரூஃப் வாங்கிக்கினு வர்றப்ப பஸ்ல படிச்சேன். இத்த வெளில வுட்டா எனக்குத்தான் பேஜாரு. நீ லேட்டா வர்ற அன்னிக்கெல்லாம் ஊர்ல கண்டவனும் கதை கட்டுவான். மண்டியில நான் எப்படித் தலை நிமிந்து உக்கார்றது?"

"அது கதைங்க. நான் அப்படி ஒருநாளும் போனதில்ல."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

"மத்த பதினோரு கதை படிச்சீங்களா?"

"இல்ல. அது ஒண்ணுதான்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டு சமாதானமாகத்தான் சொன்னார்: "இப்ப இன்னா ஆயிப்போச்சு? அத்தினி பேரும் படிச்சேன் படிச்சேன்னாங்களே, ஒருத்தராச்சும் அந்தக் கதை இல்லன்னு கேட்டாங்களா?"

அவர் கதையை வெட்டியதைவிட இதுதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. தூக்கம் தொலைத்த பேராசிரியர், ஃபுல்லாகப் படித்த ஆபீஸ், எல்லோரையும் ஒரே கேள்வியில் என் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். இரண்டு வாரமாக நான் மிதந்துகொண்டிருந்த பாராட்டெல்லாம் பொய். இப்படித்தான் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவருக்கு என் கதையை உருவியெடுக்கும் தைரியமும் வந்திருக்கிறது. யாரும் படிக்கப் போவதில்லை என்று மண்டியில் கணக்கு எழுதும் மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

"ஒருத்தங்க கேட்டாங்க" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று உள்ளே போய்விட்டேன். அன்று நான் சமைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே அச்சகத்துக்குப் போனேன். அந்த மடிப்புகளெல்லாம் ஒரு மூலையில் கட்டிக் கிடந்தன. பழைய பேப்பருக்குப் போட இருந்தார்களாம். அச்சகக்காரரை அங்கேயே நிற்கவைத்து, எழுதியவளைக் கேட்காமல் எப்படி விட்டீர்கள் என்று கத்தினேன். "வீட்டுக்காரர் சொன்னா சரியா இருக்கும்னு நெனைச்சேன்மா" என்றார். அந்த பதிலுக்கு இன்னும் கொஞ்சம் கத்தினேன். பிறகு எல்லா மடிப்பையும் நடுவில் தைத்துத் தனிப் புத்தகமாக வெட்டித் தரச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பெண்கள் பெட்டியில் கொடுத்தேன். அக்காவுக்கு முதலில். அவர் அங்கேயே பிரித்துப் படித்தார். மேல்மருவத்தூர் தாண்டியதும் நிமிர்ந்தார்.

"விழுப்புரம் ஸ்டேஷன் டீய குடிச்சிருக்கியா நீ? வெறும் தண்ணி. அத்தக் குடிக்கவா அம்மாந்தூரம் வந்தா இவ?"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண், "டீ எப்படி இருந்தா இன்னாக்கா, தனியா குந்திக்கினு குடிச்சா இல்ல" என்றாள். இன்னொருத்தி, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். குழந்தை இல்லை என்று எதிர் சீட்டிலிருந்து பதில் வந்தது. இருந்தால் இறங்கியிருப்பாளா, மாட்டாளா என்று ஒரு சண்டை ஆரம்பித்தது. நான் ஒருத்தி அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே நான் மேடையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்!

செங்கல்பட்டில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபமாகத்தான் இருந்தார்.

"எல்லாம் சரி. ஊட்டுக்குப் போயி எதுக்குப் பொய் சொன்னா? டீ குடிக்கணும்னு தோணிச்சு, குடிச்சேன்னு சொன்னா இன்னாவாம்?"

அப்படி ஒரு வழி இருப்பதாக எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் வண்டி திண்டிவனத்துக்குச் சரியான நேரத்தில் வந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆம்பளைகள் நின்ற டீக்கடையில் நானும் நின்று ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாக வீட்டுக்கு நடந்தேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா, வண்டி லேட்டா?"

"இல்லீங்க, சரியா வந்துச்சு. டீ குடிச்சிட்டு வர்றேன்."

"யாரு கூட?"

"தனியாத்தான்."

அவர் நம்பவில்லை. நம்ப வைக்க நான் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.