எல் ஸ்டிக்கரை எடுத்த அன்று

பிள்ளைகளே, இங்கிலீஷில் புது ஆளுக்குப் பல பெயர் உண்டு. கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர் ஃப்ரெஷர். நான் வேலை பார்க்கும் ஹோட்டலில் சேர்ந்தவர் ட்ரெய்னி. ரோட்டில் வண்டி பழகுகிறவர் லேர்னர். மூன்றிலும் லேர்னருக்குத்தான் மரியாதை அதிகம்.

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் ஸ்கூட்டர் பழகினேன். பின்னால் சிவப்பாக 'எல்' ஸ்டிக்கர் இருந்ததால் பஸ்கூட ஒதுங்கிப் போனது. அதனால் லைசென்ஸ் கிடைத்த பிறகும் நான் அதை எடுக்கவில்லை. என் மகளுக்கு அது பெரிய மானக்கேடு.

"ஸ்கூல் வாசல்ல எல்லாரும் சிரிக்காங்கப்பா. அதை எடுத்தாத்தான் ஏறுவேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும் மக்களே. ஒருத்தனாவது இடிக்கானா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். மறுநாள் தேங்காயெண்ணெய் தடவி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். அவள் ராணி மாதிரி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஜங்ஷன் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். நான் பதற்றத்தில் ஸ்டார்ட் பட்டனுக்குப் பதிலாக ஹாரனை அமுக்கினேன். எதிர்த்து அடிக்கிறேன் என்று நினைத்து அவர் தலையை நீட்டி, "எந்தாடோ, வண்டி ஓடிக்கான் அறியில்லே?" என்று மலையாளத்தில் கத்தினார். வண்டி ஓட்டத் தெரியாதா என்று கேட்கிறார்.

என் மகள்தான் எழுந்து நின்று, ஜங்ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "க்ஷமிக்கணே சேட்டா! அச்சன் லேர்னராணு!" மன்னிச்சிருங்க அண்ணே, அப்பா லேர்னர் என்று.

பஸ் ஒதுங்கி எங்களைத் தாண்டியது. ஜன்னல் முழுக்க அவள் ஸ்கூல் பிள்ளைகள். அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வண்டியை எடுங்கப்பா" என்றாள்.