அத்தை காருக்குப் புது இண்டிகேட்டர்

எங்கள் தையல்கார அத்தையின் கார் அவளைவிட மூத்தது. அதில் இண்டிகேட்டர் சுவிட்ச் செத்துப்போனதிலிருந்து மாமாதான் இண்டிகேட்டர். அத்தை இடப்பக்கம் திருப்பினால், பக்கத்து இருக்கையில் இருக்கும் மாமா ஜன்னல் வழியே கையை நீட்டுவார். கூடவே பின்னால் வருகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

பழைய சாமான் கடையில் அதே மாதிரி சுவிட்ச் ஒன்று கிடைத்ததும் அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றினாள், ஸ்டீயரிங்கை உருவினாள். உள்ளே பார்த்தால் ஒயர்கள் எல்லாம் நிறம் வெளுத்து ஒரே சேற்றுக் கலர்! எதை எதில் சேர்ப்பது?

"நூல் எதுக்குடி இருக்கு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு கலர் நூல், அது சேர்ந்திருந்த முனைக்கும் அதே கலர் நூல் என்று கட்டினாள். பிறகுதான் பழைய சுவிட்சைக் கழற்றினாள். புதியதில் அந்தந்த இடத்தில் ஒயர்களைச் சேர்த்து, ஸ்டீயரிங்கையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டினாள். மாமா உதவிக்கு வரவில்லை. உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காருக்குப் பின்னால் நின்றேன்.

"எரியுதாடி?"

"எரியுது அத்தை! விட்டு விட்டு எரியுது!" கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

உடனே மூவரும் கிளம்பினோம். முதல் திருப்பத்தில் டிக், டிக் என்றது. வண்டி நேரானதும் சுவிட்ச் தானாகவே பழைய இடத்துக்கு வர, அத்தை சின்னப் பிள்ளை மாதிரி கூவினாள். ஆனால் மாமாவின் கை இன்னும் வெளியே இருந்தது.

"கையை உள்ள எடுங்க. அதான் லைட்டு எரியுதே!"

"எரியட்டும். பின்னால வர்றவனை யாரு திட்டுறது?"