மாமன் வராத தாலாட்டு

அன்று என் மகளை அவள் மடியில் நான் வைத்திருக்கலாமா?

படப்பையில் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவள் அவள். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை. மெலிந்த முகம், நெற்றியில் எப்போதும் தொப்பி அழுந்திய கோடு. யூனிஃபார்மைக் கொடியில் போட வரும்போதெல்லாம் என் மகளின் சட்டைகளையும் ஒவ்வொன்றாக நீவிவிட்டுப் போவாள்.

நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். தாலாட்டுகளில் சீரோடு வரும் தாய்மாமனைப் பற்றித்தான் ஆய்வேடு. அவளிடம் ஒரு பாட்டுக் கேட்டேன்.

"பிள்ளைய ஒறங்க வைக்கதுக்கும் பரீட்சையாக்கா?" என்று சிரித்தாள். "மடியில பிள்ள கெடந்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்."

"இந்தா, இவள வெச்சிக்கினு பாடு" என்று மகளைக் கொடுத்துவிட்டு, செல்போனில் பதிவு செய்தேன்.

மாமன் வளையலோடு வரவேண்டிய இடத்தில் அவள் பாட்டில் அம்மா வந்தாள். லீவு கிடைத்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள், அழாதே என்று பாடினாள். மகள் தூங்கிய பிறகும் நிறுத்தவில்லை. என் மகளைத் திருப்பித் தந்தபோது, பாடியவளின் சட்டை முன்பக்கம் தாய்ப்பாலில் நனைந்திருந்தது. ஊரில் கைக்குழந்தையை விட்டு வந்தவள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"வாரேன்க்கா" என்று போனவள் பிறகு கொடிப் பக்கமே வரவில்லை. அடுத்த வாரம் அறையைக் காலி செய்துவிட்டாள்.

"மாமன் இடத்துல அம்மா! இதையே ஆய்வேடா எழுதும்மா" என்கிறார் நெறியாளர். பாடச் சம்மதித்தவள் இந்தப் பாட்டுக்குச் சம்மதித்தாளா? எழுதட்டுமா, பதிவை அழித்துவிடட்டுமா? பிள்ளையை விட்டு வேலைக்குப் போனவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.