பாப்பரசரின் பாடகனும் நான் ஒளித்த பாதியும்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் ஒன்பது வருடமாகப் பாடுகிறேன். அந்த வருடம் நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு இத்தாலியர் எழுதிய பூசைப் பாட்டை ஒரு கச்சேரிக்காகப் பழகினோம். ஆள் யாரென்று தெரியாமல் பாட எனக்கு மனம் வரவில்லை. மரக்கறிக் கடை வேலை முடிய நூலகத்துக்குப் போய், அகராதியை வைத்துக்கொண்டு அவருடைய வாழ்க்கையை வாசித்தேன். நாலு மாதம் எடுத்தது.

கச்சேரிக்கு முதல் யாராவது அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார் குருவானவர். நான் கை உயர்த்துவதற்குள், "மதாம் பேசட்டும்" என்று புதுச்சேரி அக்காவைக் காட்டினார். அவ குழுவில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவ, பிரெஞ்சு தடங்கலில்லாமல் வரும். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த நாளே அக்கா நான் வேலை செய்யும் கடைக்கு வந்துவிட்டா.

"அவரைப் பத்தி நீ நிறையப் படிச்சிருக்கியாமே. கொஞ்சம் சொல்லேம்மா."

முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டே சொன்னேன். சின்ன ஊரில் பிறந்தது, ரோமில் பாடப் பழகியது, ஊர் ஆயர் பாப்பரசரானதும் இவரையும் அங்கே கூப்பிட்டது, கலியாணம் கட்டியவர் என்று அடுத்து வந்த பாப்பரசர் ஒருவர் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தியது. அதோடு வாயை மூடிவிட்டேன். கொள்ளை நோயில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தது, பிறகு மனைவியும் போனது, குருவாகப் போக வெளிக்கிட்டவர் மனம் மாறி ஒரு தோல் வியாபாரியின் விதவையைக் கட்டி, அந்த வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டே பாட்டு எழுதியது, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நான் அழுதழுது வாசித்த பாதி.

அக்கா அழகாகப் பேசினா. எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஒளித்த பாதியை ஒருவரும் தேடவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

கச்சேரி முடிந்து கோப்பி குடிக்கையில் தாங்க முடியாமல் மிச்சக் கதையை அவவிடம் சொன்னேன்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"மறந்து போச்சுதக்கா."

"பொய். உன் இடத்துல நான் இருந்தாலும் ஒளிச்சுத்தான் வச்சிருப்பேன்" என்று சிரித்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவவிடம் நீட்டினேன். ஈஸ்டர் கச்சேரிக்கும் குருவானவர் அவவைத்தான் பேசக் கேட்டிருக்கிறார்.