மாமாவின் புத்தகத்தில் இல்லாத தாள்

மாமாவின் ஓராண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், "அந்த வெள்ளைக்காரர் உங்களுக்கு எந்த வழியில் மாமா?" என்று என்னைக் கேட்டதுண்டு. நம் பிளாக்பள்ளிப் பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தவரை அப்பா முதல் நாளே "வாங்க மச்சான்" என்றார். அந்த வழிதான்.

மாமா ஸ்பெயினில் கடலோர ஊரொன்றில், வலை பின்னுகிறவரின் மகனாகப் பிறந்தார். கதைகள் எழுதிப் பெயர் பெற்றார். உள்நாட்டுப் போரில் அவருடைய பக்கம் தோற்றதும், அவர் தம் ஊரைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஜெயித்தவர்கள் கொளுத்தினார்கள். எல்லையை நடந்தே கடந்து, கப்பலேறி, பம்பாய் வழியாக இங்கே வந்தார். பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். யாரிடமும் முகம் கோணியதில்லை.

எரிந்த புத்தகத்தை எங்கள் சமையற்கட்டில் உட்கார்ந்துதான் திரும்ப எழுதினார். பூண்டு வதங்கும் வாசனையில்தான் அவருக்குத் தம் ஊர் ஞாபகம் வரும்.

"செலினா, இன்னும் ரெண்டு பல் பூண்டு தட்டு. என் தெரு இன்னும் வரலை."

"உங்க தெரு வர்றதுக்குள்ள என் அடுப்பு அணைஞ்சிடும் மாமா," என்பாள் அக்காள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அக்காளுக்குக் கையெழுத்துக்கூட வராது.

"படிச்சவன் நான் இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா மாமா?" என்றேன் ஒருநாள்.

"படிச்சவரே, வந்து பூண்டு உரிங்க," என்றாள் அக்காள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. தெரியாத பாஷையை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பத்து மாதம் அடித்தேன். கடைசியாக, முதல் பக்கத்துக்கென்று தனித்தாள் ஒன்று தந்தார். அதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் அக்காளின் பெயர். அந்தத் தாளை என் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, மற்றதை அச்சிடுவதற்காக மெக்சிகோவிலிருந்த அவருடைய நண்பர்களுக்கு அனுப்பினேன்.

அச்சாகி வந்தபோது மாமா நெஞ்சுநோயில் படுத்திருந்தார். முதல் பக்கத்தை இரண்டு முறை புரட்டினார்.

"அச்சுக்காரன் ஒரு தாளை விட்டுட்டான்," என்றார். பிறகு என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நீ ரொம்பக் கஷ்டப்பட்டே தம்பி," என்றார். நான்காம் நாள் காலமானார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சவப்பெட்டி சுமந்த தெருவாருக்கும், பூசை வைத்த சுவாமியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமா போன பிறகு, அந்தத் தாளை ஸ்பானிஷ் தெரிந்த சுவாமியார்தான் வாசித்துப் பொருள் சொன்னார்: "செலினாவுக்கு. அவள் அடுப்பருகில் என் ஊர் எனக்குத் திரும்பக் கிடைத்தது." அந்தத் தாளை மாமாவின் கையெழுத்திலேயே இந்த மலரின் அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன். அதைப் பார்க்கையில் எனக்கு இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அக்காளுக்கு இதுவரை தெரியாது. இன்று வீட்டுக்குப் போனதும் நானே வாசித்துக் காட்டுவேன். அதுவரை தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.