பூக் கேட்டு வந்த ஊர்

எனக்கு ஊர் என்றால் மூன்று விஷயம் வேண்டும். சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஒரு கடைவீதி, நின்றுகொண்டே தின்ன ஒரு தட்டுவடை செட் கடை, எதிரில் வருகிறவன் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று விசாரிக்காத நிம்மதி. மூன்றும் சேலத்தில் இருந்தன. என் மனைவிக்கு வேண்டியது வேறு. எங்கே போனாலும் நடந்தே போய்த் திரும்பும்படி ஊர் சின்னதாக இருக்க வேண்டும், வழியில் நாலு பேர் நிறுத்திப் பேச வேண்டும், கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் அவள் தங்கை இருக்க வேண்டும். அது நாமக்கல்.

லாரி டயர் கம்பெனி ஒன்றில் நான் விற்பனைப் பிரதிநிதி. பல வருடம் ஓசூரில் காலம் தள்ளினோம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்தையும் என் தலையில் கட்டினார்கள். எந்த ஊரில் குடியிருப்பது என்பது உன் இஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது. மேலாளர் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லியிருந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து அவரைத் திட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்போம்.

ஒரு மாதம் சண்டை. கோழிப்பண்ணைப் பக்கமிருந்து காற்றடித்தால் சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது என்றேன். ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிவிடும் என்றேன். "ஒம்பது மணிக்கு மேல நமக்கு என்ன சோலிங்க?" என்று அவள் கேட்டாள். பதில் இல்லாததால் குரலை உயர்த்தினேன். பதில் இல்லாத இடத்தில் குரலை உயர்த்துவது என் பழைய வழக்கம்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "ஏனுங்க, தெனமும் இப்படி மல்லுக்கட்டிட்டு இருக்கறதுக்கு அம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க. அம்மன் எந்த ஊரச் சொல்லுதோ, அங்க போயிரலாம். நான் அப்பறம் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் இப்படிப் பூக் கேட்காமல் யாரும் இறங்குவதில்லை. சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் ஒன்றுபோல மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். இன்ன நிறம் வந்தால் இன்ன முடிவு என்று மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் தீர்ப்பு. அதன் பிறகு மாற்றிப் பேசினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமும் எங்களிடம் கிடையாது.

திருச்செங்கோடு போகும் வழியில், சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் குலதெய்வக் கோயில். வெள்ளை வந்தால் சேலம், சிவப்பு வந்தால் நாமக்கல் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டோம். கோயில் வாசலில் அவள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரி. பூவைப் பொட்டலம் மடிக்கும் வேலை என்னிடம் வந்தது. செவ்வரளியும் வெள்ளை நந்தியாவட்டையும் ஒரு தட்டில் இருந்தன. காகிதத்தைக் கிழித்து இரண்டு பொட்டலம் மடித்தேன். இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்தேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது என்று சொன்னால் அது பொய். பூதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அரளியை வேலியோரம் வீசிவிட்டு வந்தேன்.

பொட்டலம் எடுக்க வழக்கமாக ஒரு குழந்தையைக் கூப்பிடுவார்கள். அன்று கோயிலில் எங்களையும் பூசாரியையும் தவிர யாரும் இல்லை. "நீயே எடு சாமி" என்று பூசாரி என் மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தைத் தொட்டு, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். பிரித்துப் பார்த்தபோது அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். மறு நிமிஷமே பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரிங்க, சேலந்தான்" என்றாள். எடுக்காத பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பும் வழியில் பஸ் ஜன்னல் வழியாக வீசினேன். ஒரு பெரிய காரியத்தைச் சாமர்த்தியமாக முடித்த பெருமை அன்று எனக்கு இருந்தது.

அம்மாபேட்டையில் மாடி வீடு பிடித்தோம். கீழே ஒரு கடை, பக்கத்தில் தறிச் சத்தம், தெருவில் ஓயாத வண்டிகள். எனக்குப் பிடித்தவை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. அவளுக்கு ரோட்டைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், வீடு என்று மூன்று இடத்தோடு அவள் சேலம் முடிந்தது. தண்ணீர் வராத நாளிலும், மாடிப்படி ஏறி முழங்கால் வலித்த நாளிலும், "அம்மன் ஏதோ நெனச்சுத்தான் இங்க கொண்டாந்து போட்டுருக்குதுங்க" என்று சொல்வாள். பேச மாட்டேன் என்று சொன்ன ஒரு வார்த்தையை அவள் பேசவே இல்லை. முதலில் அது எனக்கு வசதியாக இருந்தது. போகப் போக அவள் அம்மன் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போக ஆரம்பித்தேன்.

இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் எனக்கு நாமக்கல்லில் வேலை. லாரிப் பட்டறைகளைச் சுற்றிவிட்டு மத்தியானம் மைத்துனி வீட்டில்தான் சாப்பாடு. கோட்டை அடிவாரத் தெருவில் நாலு பேர் என்னை நிறுத்தி நலம் கேட்பார்கள். எனக்கும் அது பிடித்துப்போனது. அவள் ஆசைப்பட்ட ஊரில் நான் திரிந்துகொண்டிருந்தேன். நான் ஆசைப்பட்ட ஊரில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரவு நான் வீடு திரும்பியதும், தங்கை கொடுத்தனுப்பிய குழம்பைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். பிறகுதான் என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள்.

அப்புறம் மைத்துனியின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர்கள் பிள்ளை பூனாவில் வேலையில் இருந்தான். அந்த வீட்டில் அவள் தனியாக இரண்டு வருடம் இருந்தாள். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அக்கா இதே தெருவுல இருந்திருந்தா ராத்திரி ஒரு ஆளுக்கு ஒரு ஆள் தொணையா இருந்திருப்போமுங்க மாமா. அம்மன் அப்படிச் சொல்லிருச்சு, என்ன பண்றது" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் வீடு மாறியிருப்போம். சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்றே மிச்ச நாளையும் ஓட்டினேன். பிறகு பிள்ளை வந்து அவளைப் பூனாவுக்குக் கூட்டிப்போய்விட்டான். வீட்டையும் விற்றுவிட்டார்கள். வழியனுப்பப் போன என் மனைவி பஸ் நிலையத்தில் அழவில்லை. திரும்பி வந்து அம்மாபேட்டை வீட்டுச் சமையலறையில் அழுதாள்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றேன். ஒரு காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவளிடம், நாமக்கல்லுக்கே போய்விடலாம் என்றேன். அவளுக்கு உள்ளூர ஆசை இருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிய வேகத்திலேயே அது தெரிந்தது. ஆனால், "வேண்டாமுங்க, சாமி சொன்னத மீறுனா நம்ம புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

தோசை கருகியது. அவள் அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "இத்தன வருசமும் நான் எங் கையத்தானுங்க திட்டிட்டு இருந்தேன்" என்றாள். "மொதல்ல தொட்டத விட்டுட்டு இன்னொண்ண எடுத்தேன். தொட்டதையே எடுத்திருந்தா தங்கச்சிகூட இருந்திருப்பேனேன்னு நெனைக்காத நாளில்லீங்க."

பிறகு, "அம்மன் சொன்னதுன்னு இருந்தேன். இனி இங்க என்னன்னு இருக்கறது?" என்றாள். நாமக்கல்லுக்குப் போகலாம் என்று மறுபடியும் சொன்னேன். "அங்க இப்ப யாருங்க இருக்கறா?" என்று கேட்டாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். என்ன செய்வதென்று தெரியாமல், "வர்ற வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்திரலாம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாருகிட்டங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் மட்டும் கோயிலுக்குப் போய் வந்தேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.