கேட்டது துப்பாக்கி, வந்தது தேங்காய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேங்காய் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கம்பீரமாகத் தொங்குகிறது. காலையில் எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கும்பகோணத்தில் முழுத் தேங்காய் ஒன்று இப்படி மூன்று நாள் சும்மா இருந்திருந்தால் சட்னியாகியிருக்கும். இங்கே யாங்கூனில், தாமுவே பகுதியில், நான் அதற்குப் பூ வைக்கிறேன். நம்புங்கள், நான் கேட்டது துப்பாக்கி.

அதுவும் சும்மா துப்பாக்கி இல்லை, செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். எதிர்க் கட்டடத்தில் பட்டப்பகலில் இரும்புக் கதவின் பூட்டை அறுத்து, தையல் மிஷின் வரைக்கும் தூக்கிப் போய்விட்டார்கள். என் கணவர் முருகேசன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். போட்டாதாங் துறையிலிருந்து சரக்குப் படகில் போனால் திரும்ப வரப் பத்து நாள் ஆகும். அதுவரை மூன்றாம் மாடியில் நானும் ஆறு வயது மீனாவும்தான்; உள்ளே இருந்தாலும் இரும்புக் கதவைப் பூட்டியே வைப்போம். எனக்குத் தூக்கமே போய்விட்டது. "இங்கெல்லாம் பெர்மிட் லேசுல கெடைக்காது. கேட்டாலே ஏன், எதுக்குன்னு நூறு கேள்வி வரும்" என்றார் அவர். "கெடைக்கலேன்னா புள்ளயத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன், ஆமா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. இந்த நடை போய்வந்ததும் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் படகேறினார்.

நான் அதுவரை நேரில் பார்த்த ஒரே துப்பாக்கி, கும்பகோணத்தில் எங்கள் தெரு வங்கி வாசலில் இருந்தது. இரட்டைக் குழல். காவலுக்கு இருந்தவர் அதன்மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குவார்; நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அவர் தொப்பி விழுமா விழாதா என்று பந்தயம் கட்டுவோம். ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி வீட்டிலோ அலமாரியில் ஒன்று, காரில் ஒன்று. அவன் எனக்கு வீடியோ காலில் வகுப்பே எடுத்தான். "அக்கா, பம்ப் வகை உனக்கு வேணாம். ஒவ்வொரு வாட்டியும் கையால இழுத்துத் தள்ளணும். பயத்துல கை உதறும், பாதியில விட்டுடுவ. செமி ஆட்டோமேட்டிக்னா அடுத்த தோட்டாவ அதுவே ஏத்திக்கும். தோள்ல ஒதையும் கம்மி. நடுவுல நீ யோசிக்கவே வேணாம்." குழல் நீளமாக இருந்தால் குறுகலான வீட்டில் திருப்ப முடியாது என்றும் சொன்னான். யாங்கூன் மாடி வீடுகள் ரயில் பெட்டி போல நீளமும் ஒடுக்கமுமாக இருக்கும். நான் தையல் டேப்பை எடுத்து, படுக்கையறை வாசலிலிருந்து இரும்புக் கதவு வரை அளந்து வைத்தேன். இவ்வளவு தூரத்தில் குறி தப்பவே தப்பாது என்றான் தம்பி.

உரிமம் வாங்கும் வழி தெரியுமா என்று பக்கத்து வீட்டு டோ டின்னிடம் கேட்கப் போனேன். டோ என்பது இங்கே மரியாதைக்குரிய பெண்களின் பெயருக்கு முன்னால் போடுவது. என் பர்மியம் அரைகுறை. வீட்டுக்கு எய்ன், காவலுக்குச் சௌங், துப்பாக்கிக்குத் தெனாத். மூன்றையும் கோத்து, வேண்டும் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். டோ டின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நல்ல மனசு! வெள்ளிக்கிழமை நானே கொண்டுவருகிறேன்" என்றார் பர்மியத்தில். எனக்குத் தலை சுற்றிவிட்டது. அடேயப்பா, இந்த அம்மாளா!

வெள்ளிக்கிழமை காம்போடு கூடிய தேங்காயும் சிவப்புத் துணியுமாக வந்து நின்றார். நாத் என்றால் இங்கே காவல் தெய்வம். எய்ன் சௌங் நாத் என்றால் வீட்டைக் காக்கிறவர். நான் சொன்ன தெனாத்தில் முன்னெழுத்து அவர் காதில் விழவே இல்லை! தீயில் வெந்து செத்துத் தெய்வமானவராம். அந்த எரிச்சல் தணியத்தான் இளநீர் நிறைந்த காயாம். சொல்லும்போது டோ டின்னின் கண் கலங்கியது. துப்பாக்கி என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. கட்டி முடித்ததும் அவர் என் சமையலறைக்குப் போய் ஒரு குண்டானும் கரண்டியும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "அவர் பார்த்துக்கொள்வார். ஏதாவது என்றால் இதைத் தட்டு, நாங்கள் இருக்கிறோம்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்ல மழை. மீனாவைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்தால், வாசலில் கர்கர்ரென்று சத்தம். மழைக்கோட்டும் முக்காடுமாக ஒரு ஆள் குனிந்து பூட்டை அறுத்துக்கொண்டிருந்தான். நான் நின்றது டேப் வைத்து அளந்த அதே இடம். குழந்தையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். குண்டானை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி அடித்தேன் பாருங்கள், கரண்டி வளைந்துபோனது.

அடுத்த மூச்சில் டோ டின் வீட்டுச் சட்டி. பிறகு கீழ்வீடு, எதிர்க் கட்டடம், மூலைக் கடை. தெரு முழுக்கத் தகரமும் அலுமினியமும் முழங்கின. மழைச் சத்தமே கேட்கவில்லை. முகம் தெரியாத மாடிகளிலிருந்தெல்லாம் கைகள் நீண்டு தட்டின. எனக்காக! ஒழுங்காக ஒரு வாக்கியம் பேசத் தெரியாத எனக்காக! உடம்பெல்லாம் சிலிர்த்து, பயத்தையே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"தக்கோ! தக்கோ!" திருடன் திருடன் என்று கத்திக்கொண்டு மாடிப்படியில் ஆட்கள் ஏறினார்கள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அடியே, நாந்தாண்டி! சாவி ஆத்துல விழுந்துட்டுதுடி!"

முருகேசன். நாலு பேர் அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்தார்கள். படகு பழுதாகி முன்னதாகவே திரும்பியிருக்கிறார். பத்து முறை கூப்பிட்டும் குளியலறைத் தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிறவள் செவ்வாய்க்கிழமையும் போயிருப்பேன் என்று அவராகவே முடிவுகட்டி, கீழ்க்கடையில் ரம்பம் வாங்கிவந்திருக்கிறார். இது என்ன மனுஷன்! தெருவே சிரித்தது. டோ டின் சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் நீ யோசிக்கவே வேண்டாம் என்று தம்பி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய ஈரச் சட்டையில் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தேன். "என்னடி தேடுற?" என்றார். அழுதேன்.

தம்பிக்கு அன்றே சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று. ஊருக்குப் போகும் பேச்சையும் அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் வாங்கப் போனேன். கடைக்காரப் பெண், "உடைக்கவா, தொங்கவிடவா?" என்று கேட்டாள். உடைக்க என்றுதான் சொன்னேன். ஆனால் கோயிலில் கையை ஓங்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. கண்ணை மூடிக்கொண்டு உடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தலைப்பாகைக்காரர் முன்னால் போய் நின்று, தமிழில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத் தமிழ் புரியுமோ புரியாதோ என்று சந்தேகம் வந்தது. அரைகுறை பர்மியத்தில் மறுபடியும் கேட்டேன், இந்த முறை அவர் பெயரில் ஓர் எழுத்தும் கூடிவிடாமல்.